ரசீது இல்லாத தங்கக் கைக்கடிகாரம்: விற்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

கோவையிலிருந்து 68 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஜவுளி இயந்திர உதிரிபாகப் பட்டறை நடத்தி ஓய்வு பெற்றவர். இளமையிலிருந்தே பழைய கைக்கடிகாரங்களைச் சேர்த்து வந்திருக்கிறார். எச்எம்டி, ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று இருபதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் இப்போது பிரச்சினை: ஜெனீவாவைச் சேர்ந்த படேக் பிலிப் நிறுவனத்தின் கலட்ராவா, மாதிரி எண் 96. பதினெட்டு காரட் மஞ்சள் தங்கம், சாவி கொடுத்து ஓட்டுவது, 1950களைச் சேர்ந்தது என்று அவர் கருதுகிறார். குன்னூரில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு தேயிலைத் தோட்ட மேலாளரின் மனைவியிடம் 1991இல் 28,000 ரூபாய்க்கு வாங்கியது. ரசீது கிடையாது. 2008 வரை வீட்டு விசேஷங்களுக்கு அணிந்திருக்கிறார். அதன்பின் வங்கி லாக்கரில் இருக்கிறது.

மனைவியின் இரண்டு முழங்கால்களுக்கும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காக இந்தக் கடிகாரத்தை விற்க நினைக்கிறார். நகைக்கடையில் "இரண்டே கால் பவுன் தேறும், உரைத்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்றார்களாம். சென்னை வியாபாரி ஒருவர் ஏழு லட்சம் ரூபாய் ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். பொறுமை இருந்தால் ஒரு மாதம் தன்னிடம் விட்டு வைக்கும்படியும், மும்பை வாடிக்கையாளரிடம் காட்டி பதினொரு லட்சம் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். துபாயில் இருக்கும் மைத்துனர் மகன், அடுத்த முறை வரும்போது கையில் கட்டிக்கொண்டு போய் அங்கே விற்றுத் தருவதாகச் சொல்கிறார். மகனோ, "அது குடும்பச் சொத்து, என் சம்மதம் வேண்டும்" என்கிறார். வாசகரின் கேள்வி இதுதான்: "ரசீது இல்லாத பொருளை நான் சட்டப்படி விற்க முடியுமா? சொந்த உபயோகப் பொருள் என்பதால் வரி கிடையாது என்று நினைக்கிறேன். ரொக்கமாக வாங்கிக்கொண்டால் வேலை சுலபமாக முடியும் அல்லவா?"

ஐயா, உங்கள் கடிதத்தில் சில பயங்கள் தெரிகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை இல்லை. நீங்கள் பயப்படாத சில இடங்களில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

முதலில் மகனின் பேச்சைப் பார்த்துவிடுவோம். பட்டறை வருமானத்தில் நீங்கள் வாங்கிய பொருள் உங்கள் சுயசம்பாத்தியம். உங்கள் காலத்தில் அதன் மீது மகனுக்கோ மகளுக்கோ எந்த உரிமையும் கிடையாது. யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவருக்கு ஆசை இருந்தால், வியாபாரி தரும் விலையைக் கொடுத்து அவரே வாங்கிக்கொள்ளலாம். அதைக் கோபமில்லாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ரசீது இல்லை என்றால் உரிமை இல்லையா?

உரிமை இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி வாய்மொழி விற்பனையும் செல்லும். பணம் கொடுத்தீர்கள், பொருளைப் பெற்றுக்கொண்டீர்கள், முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரும் ஆட்சேபிக்காமல் வைத்திருக்கிறீர்கள். உரிமைக்கு அது போதும். ஆனால் உரிமை இருப்பது ஒன்று, அதைக் கேட்பவரிடம் காட்டுவது இன்னொன்று. கைக்கடிகாரத்தில் இந்த இரண்டாவது விஷயம் மற்றப் பொருள்களைவிட முக்கியமானது. அதற்குக் காரணம் பலருக்கும் தெரியாத ஒரு சட்டப்பிரிவு.

1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 123ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொதுவாக ஒருவர் மீது குற்றம் சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். இந்தப் பிரிவு அதைத் திருப்பி வைக்கிறது. கடத்தல் பொருள் என்ற நியாயமான நம்பிக்கையில் அதிகாரிகள் பொருளைக் கைப்பற்றினால், அது கடத்தல் பொருள் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருப்பவர் தலையில் விழும். எந்தெந்தப் பொருள்களுக்கு? தங்கம், தங்கத்தால் செய்த பொருள்கள், கைக்கடிகாரங்கள் என்று சட்டமே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. உங்கள் கடிகாரம் இரண்டு வகையிலும் அதற்குள் வருகிறது. வங்கி லாக்கரில் இருக்கும் ஒற்றைக் கடிகாரத்தைத் தேடி யாரும் வரப்போவதில்லை, அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் அது வியாபாரி கைக்கும், கூரியர் பைக்கும், விமான நிலையத்துக்கும் போகும்போது இந்தப் பிரிவு உயிர் பெறும். வாங்க வருபவர் விவரம் தெரிந்தவர் என்றால் அவரும் இதைத்தான் கேட்பார்: "இது உங்களிடம் எப்படி வந்தது?"

ஆகவே விற்பனையைப் பற்றி யோசிப்பதற்கு முன் கடிகாரத்துக்கு ஒரு கோப்பு தயார் செய்யுங்கள். என் ஆலோசனையில் மிக முக்கியமானது இதுதான். 1991ஆம் ஆண்டு நாட்குறிப்பில் எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள், அந்தப் பக்கத்தை நகல் எடுங்கள். அந்த மாத வங்கிப் புத்தகத்தில் பணம் எடுத்த பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். 1997இல் மும்பையில் சர்வீஸ் செய்து கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு) மாற்றியதற்கான சீட்டு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய சொத்து. மகளின் திருமண ஆல்பத்தில் உங்கள் மணிக்கட்டில் கடிகாரம் தெரியும் படம் உண்டு என்கிறீர்கள். அந்தப் படத்துக்கு இரண்டு வேலை இருக்கிறது. இரண்டாவதை வரிப் பகுதியில் சொல்கிறேன். விற்ற அம்மையார் இப்போது இல்லை, ஆனால் அவருடைய மகள் பெங்களூரில் இருக்கிறார், அவருக்கும் எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது என்கிறீர்கள். "எங்கள் தந்தையின் கடிகாரத்தை என் தாய் இன்னாருக்கு 1991இல் விற்றார்" என்று அவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டால் அதற்கு ஈடான ஆதாரம் வேறில்லை. இவற்றின் அடிப்படையில் நோட்டரி முன்னிலையில் நீங்கள் ஒரு பிரமாண வாக்குமூலம் தயார் செய்யலாம்.

ஜெனீவாவிலிருந்து இன்னொரு காகிதமும் வரவழைக்கலாம். இயந்திர எண்ணையும் கேஸ் (வெளிக்கூடு) எண்ணையும் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், அந்தக் கடிகாரம் எந்த ஆண்டு செய்யப்பட்டது, எப்போது விற்கப்பட்டது, என்ன உலோகம் என்பதைப் படேக் பிலிப் தன் பழைய பேரேடுகளிலிருந்து எடுத்து எழுதித் தருகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். அது பேரேட்டின் சாரம்தான். உங்கள் கையில் இருக்கும் கடிகாரத்தை யாரும் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் கிடையாது. 2021இல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன ஓர் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், வெவ்வேறு கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது என்று 2023இல் ஒமேகா நிறுவனமே அறிவித்தது. அதற்குப் பிறகு காகிதத்தை மட்டும் நம்பி யாரும் பெரிய தொகை கொடுப்பதில்லை. அனுபவமுள்ள கடிகார வல்லுநர் ஒருவர் பின்மூடியைத் திறந்து, உள்ளே படம் எடுத்து, தன் கருத்தை எழுதித் தருவதும் வேண்டும்.

உரைகல்லும் பாலிஷும் வேண்டாம்

நகைக்கடைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் உரைத்துப் பார்க்கிறேன் என்கிறார். தயவு செய்து அனுமதிக்காதீர்கள். அவர் பார்ப்பது பதினெட்டு கிராம் தங்கத்தை. 1932இல் அறிமுகமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் இருந்த மாதிரி இது. முப்பத்தொரு மில்லிமீட்டர் விட்டம்தான், இன்றைய கடிகாரங்கள் பக்கத்தில் வைத்தால் சிறுவன் கட்டுவது போலத் தெரியும். அதன் விலை கேஸின் கூரான விளிம்புகளிலும், வார் மாட்டும் கொம்புகளின் வடிவத்திலும், டயலின் பழைய எழுத்துகளிலும் இருக்கிறது. உரைகல்லில் ஒரு கீறலும், பாலிஷ் சக்கரத்தில் ஐந்து நிமிடமும் அதில் கணிசமான பகுதியை அழித்துவிடும். டயலைப் புதிதுபோல் எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே கடிகாரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். மங்கிய அசல் டயலுக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலையைப் பளபளக்கும் புது டயலுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

தங்கத்தின் தரத்துக்கு உரைகல் தேவையே இல்லை. 1995க்கு முந்தைய சுவிஸ் பதினெட்டு காரட் கேஸ்களில் ஹெல்வெஷியா என்ற பெண்ணின் தலை முத்திரையாக இருக்கும். ஜெனீவாவில் கேஸ் செய்தவரின் அடையாளமாக, சாவி உருவத்துக்குள் ஓர் எண் இருக்கும். பின்மூடியின் உட்புறத்தில் வல்லுநர் இவற்றைப் பார்த்துச் சொல்லிவிடுவார். நம் நாட்டு ஹால்மார்க் முத்திரை இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாய ஹால்மார்க் விதியிலிருந்து கைக்கடிகாரங்களுக்கு விலக்கு உண்டு.

"ஒரு மாதம் என்னிடம் விட்டு வையுங்கள்"

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்க வைத்த வரி இது. அந்த வியாபாரியை நீங்கள் பதினைந்து ஆண்டுகளாக அறிவீர்கள், நல்ல மனிதர் என்கிறீர்கள். அதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் பொருளை விற்றுக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்யும் ஒருவரிடம் உரிமையாளர் தம் சம்மதத்தோடு பொருளை ஒப்படைத்துவிட்டால், அவர் வழக்கமான வியாபாரத்தில் அதை ஒரு மூன்றாம் நபருக்கு விற்கும்போது, நல்லெண்ணத்தோடு வாங்கும் அந்த நபருக்கு உரிமை போய்விடும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இது. வியாபாரி உங்களுக்குப் பணம் தராவிட்டாலும், நீங்கள் சொன்ன விலைக்குக் கீழே விற்றாலும், வாங்கியவரிடமிருந்து கடிகாரத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். வியாபாரி மீது வழக்குப் போடலாம். ஆண்டுக்கணக்கில் அலையலாம். அவருக்கே மாரடைப்பு வந்து கடை பூட்டப்பட்டால், உள்ளே இருக்கும் இருநூறு கடிகாரங்களில் எது உங்களுடையது என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். நல்ல மனிதருக்கும் இது நடக்கும்.

ஆகவே கடிகாரத்தைக் கையைவிட்டு அனுப்பாதீர்கள். மும்பை வாடிக்கையாளர் உண்மையாகவே இருந்தால் அவருக்குப் படங்கள் போதும், பிறகு அவர் கோவைக்கு வரட்டும். உங்கள் லாக்கர் இருக்கும் வங்கிக் கிளையிலேயே கடிகாரத்தைக் காட்டுங்கள். வியாபாரிக்கு அவருடைய தரகு கிடைக்கும், யாருக்கும் நஷ்டமில்லை. அவரிடம் விட்டே ஆக வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், இயந்திர எண், கேஸ் எண் இரண்டும், குறைந்தபட்ச விலையும், தரகு வீதமும், திருப்பித் தர வேண்டிய தேதியும், காப்பீடு யார் பொறுப்பு என்பதும், வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது என்பதும் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். இந்த ஒப்பந்தம் வியாபாரியைக் கட்டுப்படுத்தும். வெளியில் நல்லெண்ணத்தோடு வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது.

ரொக்கம்: தண்டனை உங்களுக்குத்தான்

ஏழு லட்சம் ரொக்கம் சுலபமாகத் தோன்றுகிறது. ஒரு பரிவர்த்தனைக்கு இரண்டு லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமானவரிச் சட்டம் தடை செய்கிறது. பழைய சட்டத்தில் 269எஸ்டி பிரிவாக இருந்த விதி, 2026 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, அபராதம் பணம் கொடுத்தவருக்கு இல்லை, பெற்றவருக்கு. தொகையோ பெற்ற பணம் முழுவதும். ஏழு லட்சம் வாங்கி ஏழு லட்சம் அபராதம் கட்டும் நிலைமை வரலாம். நான்கு தவணையாக வாங்கிக்கொண்டாலும் ஒரே பொருளுக்கான பணம் ஒரே பரிவர்த்தனைதான்.

ஆர்டிஜிஎஸ் என்ற வங்கிப் பரிமாற்றம் மூலமாக உங்கள் கணக்கில் பணம் வரட்டும். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியையோ வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ நம்ப வேண்டாம். கிளை அதிகாரியிடம் கேட்டு, தொகை கணக்கில் ஏறியதை உறுதி செய்த பிறகு லாக்கரைத் திறங்கள். அதே இடத்தில் இரு பிரதியாக ஒரு விற்பனைப் பத்திரம் எழுதுங்கள். பெயர், முகவரி, பான் எண், கடிகாரத்தின் எண்கள், விலை, பணம் வந்த விவரம் எல்லாம் இருக்கட்டும்.

அந்தப் பத்திரத்தில் கடிகாரத்தை வர்ணிக்கும்போது கவனமாக இருங்கள். "எல்லாப் பாகங்களும் அசல்" என்று எழுதிக் கொடுத்தால், வர்ணனைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்ற 15ஆம் பிரிவு உங்களைப் பிடிக்கும். கிரவுன் மாற்றியது உங்களுக்கே தெரியும். "1997இல் கிரவுன் மாற்றப்பட்டது, டயல் நான் வாங்கியபோது இருந்த நிலையில் இருக்கிறது, வாங்குபவர் தம் வல்லுநரோடு சோதித்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்" என்று தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுங்கள். உண்மையைச் சொல்வதால் விலை சற்றுக் குறைந்தாலும், ஆறு மாதம் கழித்து வழக்கறிஞர் நோட்டீஸ் வராது.

வரி இல்லை என்ற நம்பிக்கை

சொந்த உபயோகத்துக்கான அசையும் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். அந்த விதிக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. முதலாவது, நகைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. தங்கத்தால் ஆன ஆபரணங்கள் எல்லாம் சட்டத்தின் பார்வையில் நகைகள். தங்கக் கேஸ் போட்ட கைக்கடிகாரம் ஆபரணமா, நேரம் பார்க்கும் கருவியா என்பதில் இரு பக்கமும் வாதாட இடமிருக்கிறது. இரண்டாவது, உண்மையில் உபயோகித்திருக்க வேண்டும். 1931ஆம் ஆண்டு ஃபோர்டு கார் ஒன்றை 20,000 ரூபாய்க்கு வாங்கி 21 லட்சத்துக்கு விற்ற ஒருவரின் வழக்கில், உபயோகிக்கத் தக்கது என்பது மட்டும் போதாது, உபயோகித்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. சேகரிப்பாளர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய தீர்ப்பு இது. கல்யாண ஆல்பத்துப் படத்தின் இரண்டாவது வேலை இங்கேதான் வருகிறது. ஆனால் 2008க்குப் பிறகு லாக்கரில் இருந்ததும் உண்மை என்பதால், அதை மட்டும் நம்பி வரி கட்டாமல் இருக்க நான் சொல்ல மாட்டேன்.

கணக்கைப் பாருங்கள், வரி பயப்படும் அளவுக்கு இல்லை. 2001க்கு முன் வாங்கிய பொருளுக்கு, 28,000 ரூபாய்க்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் அதற்குச் சான்று தர வேண்டும். பேச்சுக்கு அது ஒன்றரை லட்சம் என்றும், விற்ற விலை 11 லட்சம் என்றும் வைத்தால், ஆதாயம் ஒன்பதரை லட்சம். நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம், அதாவது 1,18,750 ரூபாய். அதன்மேல் 4 சதவீத செஸ் (கூடுதல் தீர்வை) 4,750. மொத்தம் 1,23,500. இதைக் கட்டிவிட்டால் மீதி ஒன்பதே முக்கால் லட்சமும் கணக்கில் வெளிப்படையாக இருக்கும், மருத்துவமனைக்குக் காசோலை கொடுக்கலாம். ஏழு லட்சம் ரொக்கத்தோடு ஒப்பிட்டால் எது லாபம் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு வாதங்களையும் சொல்லி, கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு ஒரு சதவீத வரியை விற்பவர் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பு, தனிநபர்களைப் பொறுத்தவரை தொழில் விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டுபவர்களுக்குத்தான். ஓய்வு பெற்ற உங்களைக் கட்டாது. மற்றக் கடிகாரங்களையும் ஒவ்வொன்றாக விற்பதில் தவறில்லை. விற்பதற்கென்றே புதிதாக வாங்க ஆரம்பித்தால் அது வியாபாரமாகிவிடும்.

துபாய் யோசனையும் ஏலமும்

மைத்துனர் மகன் கையில் கட்டிக்கொண்டு போவது அவருக்குச் சொந்த உடைமை போலத் தோன்றலாம். விற்பதற்காக எடுத்துச் செல்லும் பொருள் ஏற்றுமதி. அதற்குரிய சுங்க ஆவணமும், விற்ற பணம் வங்கி வழியாக இந்தியாவுக்குத் திரும்புவதும் வேண்டும். விலை போகாமல் திரும்பக் கொண்டுவரும்போது இறக்குமதி வரிக் கேள்வியும், முன்பு சொன்ன 123ஆம் பிரிவும் அந்த இளைஞர் தலையில் விழும். அவரை அந்த நிலையில் வைக்காதீர்கள். முதலைத் தோல் வார் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அருகிவரும் உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கை காரணமாக அது தனிச் சிக்கல், யாருக்கு விற்பதானாலும் சாதாரணத் தோல் வார் போட்டுக்கொள்ளுங்கள். தொல்பொருள் சட்டத்தைப் பற்றிய பயம் வேண்டாம், நூறு ஆண்டு நிறைந்த பொருள்களுக்குத்தான் அந்த ஏற்றுமதித் தடை.

ஜெனீவா ஏலம் இந்த ஒரு கடிகாரத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. தங்க 96 அழகானது, ஆனால் அங்கே அடிக்கடி வருவது. மும்பை ஏல நிறுவனங்கள் கைக்கடிகாரங்களை எடுத்துக்கொள்கின்றன, அவற்றிடம் மதிப்பீடு கேட்பது நல்லது. விற்பவர் தரகு, படம் எடுக்கும் செலவு, காப்பீடு, விலை போகாவிட்டால் கட்டணம் உண்டா, குறைந்தபட்ச விலையை யார் நிர்ணயிப்பது ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். மதிப்பீட்டை உயர்த்தி வைக்க ஆசைப்படாதீர்கள். ஏலத்தில் விலை போகாத கடிகாரத்தின் பதிவு எல்லோர் கண்ணிலும் படும், அடுத்து வாங்க வருபவர் அதைக் காட்டித்தான் பேரம் பேசுவார்.

அறுவைச் சிகிச்சை அடுத்த மாதக் கடைசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பு தயாராவதற்கும் ஜெனீவாவிலிருந்து பதில் வருவதற்கும் அந்த அவகாசம் போதாமல் போகலாம். மனைவியின் சிகிச்சையைக் கடிகாரத்துக்காகத் தள்ளிப்போட வேண்டாம், கடிகாரத்தையும் சிகிச்சைத் தேதிக்காக அவசரமாக விற்க வேண்டாம். வங்கியில் நிரந்தர வைப்பு இருப்பதாகச் சொல்கிறீர்கள். அதை முறிக்காமல் அதன் மீது கடன் வாங்கலாம். வழக்கமாக வைப்பு வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூடுதலாக இருக்கும். கடிகாரம் விற்றதும் அடைத்துவிடலாம். வியாபாரியிடம் இப்போதைக்கு "காகிதங்கள் தயாராகட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள். பெங்களூரில் இருக்கும் அந்த அம்மையாருக்கு மட்டும் நாளைக்கே தொலைபேசியில் பேசிவிடுங்கள். மற்ற எல்லாக் காகிதத்தையும் பிறகும் தேடிக்கொள்ளலாம், அவர் எழுதித் தரும் கடிதத்தை வேறு யாராலும் எழுத முடியாது.